கிராக்கோவில் ஓர் அரை ரிக்கற்

அப்பா,

உங்களுடைய சாம்பல் நிற ஜக்கெட்டைப் பழைய உடுப்பு எடுக்கும் கடைக்குக் கொடுத்துவிடச் சொல்லி நேற்றுக் காலை அம்மா என்னிடம் தந்தார். பைகளைப் பார்த்துவிட்டுக் கொடு என்றார். வெளிப்பைகளில் கோப்பி மணமும் ஓர் இருமல் மிட்டாயும்தான் இருந்தன. உள்பையின் சிப்பைத் திறந்தபோது இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டுக் கடதாசி கையில் தட்டுப்பட்டது. எழுத்து ஏறக்குறைய அழிந்துவிட்டது. ஆனாலும் என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. போலந்தில், கிராக்கோவ் நகரத்தில், எனக்காக நீங்கள் வாங்கிய பஸ் ரிக்கற். மாணவர்களுக்குக் கொடுக்கும் அரை ரிக்கற்.

நான் மாணவி இல்லை என்று தெரிந்துகொண்டுதான் அதை வாங்கினீர்கள். அதனாலேயே பிடிபட்டோம். பிறகும் ஏன் அதைக் கசக்கி எறியாமல் ஏழு மாதம் நெஞ்சோடு வைத்திருந்தீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இனி ஆளில்லை.

நீங்கள் இருந்த காலத்தில் நீங்கள் தமிழில் கேட்பீர்கள், நான் டேனிஷில் பதில் சொல்வேன். அதுவும் ஒரு சொல், இரண்டு சொல். இப்போது தமிழில் எழுதுகிறேன். எழுத எனக்கு எப்போதும் பயம் இருந்ததில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் கட்டுரைக்கு முதற் பரிசு எடுத்தவளும் நான்தான், அந்தப் பரிசை வாங்க மேடைக்கு ஏறமாட்டேன் என்று கழிவறைக்குள் ஒளிந்தவளும் நான்தான். எனக்குப் பதிலாக நீங்கள் ஏறி வாங்கினீர்கள். "என்ர பிள்ளைக்குக் கொஞ்சம் வெக்கம்," என்று மைக்கில் சொன்னீர்கள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து எனக்காகப் பேசுவது உங்கள் வேலையாகிவிட்டது. பிறகு எனக்குப் பதிலாக ஒரு மகளையே உண்டாக்கும் அளவுக்கு அது வளர்ந்தது.

ஜிம்னாசியம் என்ற உயர்தரப் பாடசாலையின் மூன்றாம் ஆண்டு வரை எழுதியே தப்பி வந்தேன். கடைசியில் வாய்மொழிப் பரீட்சை. பச்சைத் துணி விரித்த மேசை. கேள்விச் சீட்டை எடுத்தேன். தெரிந்த கேள்வி. ஆசிரியையும், வெளியிலிருந்து புள்ளி போட வந்தவரும் எனக்காகக் காத்திருந்தார்கள். என் வாய் திறக்கவில்லை. தண்ணீர் தந்தார்கள், குடித்தேன். "நேரம் இருக்கிறது," என்றார் ஆசிரியை. எழுந்து வெளியே வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள் நான் போகவில்லை. யூன் மாதக் கடைசியில் என் வகுப்புப் பிள்ளைகள் சித்தியடைந்தவர்களுக்கான வெள்ளைத் தொப்பி போட்டு, லொறியில் ஏறிக் கத்திக்கொண்டு எங்கள் தெருவால் போனபோது அம்மா ஓடிப்போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிழமை ஒன்றுமே சொல்லவில்லை. விடிய எழும்பி எங்கள் ஊரான ஹேர்னிங்கின் நகரப் பஸ்ஸை ஓட்டப் போவீர்கள். வந்து சாப்பிடுவீர்கள். என் கோப்பையில் சோறு போதுமா என்று பார்ப்பீர்கள். ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பிறகுதான் அந்தப் பிறந்தநாள் விழா வந்தது. விபோர்க்கிலிருந்து வந்திருந்த மாமி, நம் குடும்பத்தோடு நெடுநாள் பழக்கம், நான் ரோல்ஸ் தட்டோடு உங்கள் பக்கத்தில் நின்றபோது கேட்டார்.

"என்ர மூத்தவள் போலந்தில இரண்டாம் வருசம். கிடான்ஸ்கில. இஞ்சை மெடிசினுக்கு இடம் எடுக்கிறதெண்டால் தலைகீழா நிக்க வேணுமெல்லோ. உங்கட ஆள் என்ன செய்யப் போறா?"

"அவவும் போலந்துதான்," என்றீர்கள்.

"என்ன, மெடிசினோ?"

"ஓம். ஆனால் கிடான்ஸ்க் இல்லை. கிராக்கோவ்."

எங்கள் ஆட்களுக்குள் போலந்து என்றால் அது ஒரு நாடு அல்ல. பிள்ளை டொக்டருக்குப் படிக்கிறது என்பதைச் சொல்லும் ஒரு சொல். அதைச் சொன்னால் மேலே கேள்வி இல்லை. "கெட்டிக்காரி!" என்று மாமி என் கன்னத்தைத் தொட்டார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் சொன்னீர்கள்: "கிடான்ஸ்க் எண்டிருந்தால் பிடிபட்டிருப்பம். கிராக்கோவ் நாட்டின்ர மற்றக் கரையில கிடக்கு. ஒருத்தரும் ஒருத்தரைக் காணாயினம்."

பிடிபட்டிருப்பம். என்னைக் கேளாமலே என்னையும் சேர்த்துச் சொன்னீர்கள். முன் கதிரையில் அம்மா, "இனி என்னப்பா செய்யிறது?" என்று மட்டும் கேட்டார். இப்படிச் செய்யலாமா என்று அவரும் கேட்கவில்லை.

செப்டெம்பரில் நாலு நாள் லீவு எடுத்தீர்கள். பிலுண்டிலிருந்து கிராக்கோவுக்கு விமானம். "போய்ப் பாத்தால்தான் ஒழுங்காச் சொல்லலாம்," என்றீர்கள். போகும் வழியிலேயே ஒரு சின்னக் கொப்பியை எடுத்து நகரத்தின் பஸ் படத்தை அதில் கீறத் தொடங்கினீர்கள். "ஆரும் கேட்டால் பில்டிங் பேர் பிழைச்சாலும் பரவாயில்லை. பஸ் நம்பர் சரியா இருந்தால் மிச்சத்தை ஒருத்தரும் கேளாயினம்." இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிய மனிதர். உலகம் பஸ் நம்பரில்தான் நிற்கிறது என்று நம்பினீர்கள்.

விமான நிலையத்திலிருந்து 208இல் ஏறினோம். நகரத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் பழைய சதுக்கத்தையும் குன்றின் மேலிருந்த கோட்டையையும் பார்த்தார்கள். நீங்கள் தரிப்பிடங்களைப் பார்த்தீர்கள். ஒவ்வொன்றின் பெயரையும் தமிழில் எழுதிக்கொண்டீர்கள். கோட்டைக்குக் கீழே இரும்பில் செய்த ட்ராகன் ஒன்று வாயால் நெருப்புக் கக்கியது. பிள்ளைகள் கத்தினார்கள். நீங்கள் எதிர்ப்பக்கம் திரும்பி நின்று, பாலத்துக்கு எந்த பஸ் திரும்புகிறது என்று எண்ணிக்கொண்டு நின்றீர்கள்.

பிறகு படங்கள். சிவப்புச் செங்கல் கட்டடம் ஒன்றின் வாசலில் என்னை நிறுத்தினீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியாது. கையில் ஒரு தடித்த புத்தகம். மண்ணிறத் தாளால் உறை போட்டு வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தீர்கள். அது உங்களுடைய பஸ் சாரதிகளுக்கான விதிப் புத்தகம்.

"சிரி பிள்ளை."

நான் சிரிக்கவில்லை.

"சரி, சிரிக்காதை. டொக்டராக்கள் சிரிக்கிறேல்லைத்தான்."

உங்கள் பகிடிக்கு நீங்களே சிரித்தீர்கள். படம் ஆடிப்போனது. திரும்ப எடுத்தீர்கள். வேறு மேற்சட்டை, வேறு சால்வை, வேறு வாசல். ஒரு வருடத்துக்குப் போதுமான படங்களை நாலு நாளில் எடுத்தோம். குளிர்காலத்துக்காகத் தொப்பியும் கையுறையும் போட்டு நின்றபோது வெயில் எரித்தது. என்னைக் கடந்து போன உண்மையான மாணவிகள் கையில்லாத சட்டை போட்டிருந்தார்கள்.

அந்த நாலு நாளில் ஒரு பின்னேரம் மட்டும் நல்லது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நகரத்துக்கு வெளியே உப்புச் சுரங்கம் இருக்கும் வியெலிச்கா என்ற ஊருக்கு 304 போகிறது என்று கொப்பியில் இருந்தது. தரிப்பிடத்தில் கைவண்டியோடு நின்ற ஒரு வயதான அம்மாவிடம் வந்த பஸ்ஸைக் காட்டி, "வியெலிச்கா?" என்று கேட்டீர்கள்.

"நோ, நோ," என்றார் அவர்.

நாங்கள் ஏறவில்லை. அவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஏறிப் போனார். அடுத்த பஸ்ஸுக்கு நின்ற இளைஞன் ஒருவனிடம் கேட்டீர்கள். அவனும், "நோ." அந்த பஸ்ஸையும் விட்டோம். மூன்றாவதில் ஏறப்போன ஒரு பெண்தான் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். அங்கே பேச்சில் 'நோ' என்றால் 'ஓம்' என்பதுபோல.

நீங்கள் சிரித்த சிரிப்பு! தரிப்பிடத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வர. "பாத்தியே, இவையின்ர 'நோ' எங்கட 'ஓம்'! அந்த மனிசி எங்களை விசரெண்டெல்லோ நினைச்சிருக்கும்!" நானும் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன். பஸ்ஸில் சாரதிக்கு நேர் பின்னால் இருந்தோம். "வளைவில பின் சில்லைக் கண்ணாடியால பாக்கிறான், பார். பிறேக்கில கால் வைக்கிறதே தெரியேல்லை. நல்ல ஓட்டக்காரன்." அந்த மனிதருக்குக் கேட்காத பாராட்டை என் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். சுரங்கத்துக்குள் நாங்கள் இறங்கவில்லை. வாசலில் தேத்தண்ணி குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினோம். உங்களுக்கு அதுவே சுற்றுலா. பயணம் முழுவதும் அப்படி இருந்திருந்தால் இந்தக் கடிதம் வேறு கடிதமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் சதுக்கத்தில் நின்றோம். பெரிய தேவாலயத்தின் கோபுரத்தில் மணிக்கொரு தரம் ஒருவர் எக்காளம் ஊதுவார். பாட்டு நடுவில் சட்டென்று நின்றுவிடும். அந்தக் காலத்தில் எதிரி வருவதைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தவனின் தொண்டையில் அம்பு பட்டதாம், அதனால் இன்றுவரை அந்த இடத்தோடு நிறுத்துகிறார்களாம். ஃபோனில் வாசித்து உங்களுக்குச் சொன்னேன். நானாகத் தொடங்கி உங்களோடு அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தரம்.

"அப்ப அவனும் உன்னை மாதிரித்தான்," என்றீர்கள். "அரைவாசியில விட்டிட்டான்."

பகிடியாகச் சொன்னீர்களா? முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. அவன் தொண்டையில் அம்பு இருந்தது அப்பா. என் தொண்டையில் என்ன இருந்தது என்று ஒரு நாளும் நீங்கள் கேட்கவில்லை.

நாலாம் நாள் காலையில்தான் அரை ரிக்கற். அதுவரை முழு ரிக்கற்தான் வாங்கினோம். அன்று இயந்திரத்தில் நீங்கள் வேறு பொத்தானை அழுத்தினீர்கள். "பழகிக்கொள்ள வேணுமெல்லோ," என்றீர்கள். யாருக்குப் பழக? நான் அங்கே இருக்கப் போவதில்லை என்பதை நீங்களே மறக்கத் தொடங்கியிருந்தீர்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு தரிப்பிடம் தாண்டியதும் டெனிம் சட்டை போட்ட ஓர் இளம் பெண் எழுந்து கழுத்து அட்டையைக் காட்டினார். பரிசோதகர். என் ரிக்கற்றைப் பார்த்துவிட்டு மாணவர் அட்டையை ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஷீ இஸ் மெடிக்கல் ஸ்ரூடன்ற்," என்றீர்கள். "ஹியர். கிராக்கோவ்."

"அட்டை?"

"ஃபெர்ஸ்ற் இயர். கார்ட் கமிங்."

அந்தப் பெண் என்னிடம் திரும்பினார். கோபமில்லாத முகம். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். பச்சைத் துணி மேசையில் வராத குரல் அப்போது வந்தது. நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை, நான் மாணவி இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தெளிவாகச் சொன்னேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். என் வாழ்க்கையில் நான் வாய் திறந்து பேசியதற்கு யாரும் நன்றி சொன்னது அந்த ஒரு தரம்தான்.

தண்டம் கட்டிவிட்டு அடுத்த தரிப்பிடத்தில் இறங்கினோம். நீங்கள் தரிப்பிட வாங்கில் உட்கார்ந்து சப்பாத்து நுனியைப் பார்த்தீர்கள்.

"வாயே துறக்காத பிள்ளை. துறந்ததும் துறந்தாய், என்னைப் பொய்க்காரனாக்கிப்போட்டாய்."

"நீங்கள் பொய்தானே சொன்னீங்கள்?" டேனிஷில்தான் கேட்டேன். தமிழில் அப்பாவிடம் அப்படிக் கேட்க எனக்கு வராது.

சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினீர்கள். பிறகு மெதுவாக, தமிழில்: "பொய் இல்லை பிள்ளை. இன்னும் நடக்காதது."

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். இது நடக்காது அப்பா, நான் டொக்டராக மாட்டேன், என்னை இப்படியே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்க வேண்டும். விமானத்தில் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு வந்தோம். இரண்டு பேரும் நித்திரை இல்லை.

ஒக்டோபரிலிருந்து நான் போலந்தில் இருந்தேன். அதாவது மேல் மாடியில்.

ஊர் எல்லையிலிருந்த சலவைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலை. யாரும் பேசத் தேவையில்லை, இயந்திரச் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. எனக்குப் பிடித்திருந்தது. உங்களிடம் சொன்னேன். "சரி," என்று விட்டு, எந்தப் பாதையால் சைக்கிளில் போக வேண்டும் என்று கீறித் தந்தீர்கள். தமிழ்க் கடைப் பக்கம் போகாத பாதை. உங்கள் பஸ்ஸில் ஏறக் கூடாது, அதில் எங்கள் ஆட்கள் ஏறுவார்கள். மழையென்றாலும் சைக்கிள்தான். தலையை மூடிய ஹூடி. ஒரு நாள் சிவப்பு விளக்கில் உங்கள் பஸ் என் பக்கத்தில் வந்து நின்றது. நான் நனைந்துகொண்டு நின்றேன். நீங்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தீர்கள். தலையைக் கொஞ்சம் அசைத்தீர்கள், தெரியாத ஒருவருக்கு அசைப்பதுபோல. பச்சை விழுந்தது. போய்விட்டீர்கள்.

ஆட்கள் வீட்டுக்கு வந்தால் நான் மேலே போவேன். படிகள் கிறீச்சிடும் என்பதால் மணி அடித்ததுமே ஓடிவிட வேண்டும். அறைக்குள் சப்பாத்து இல்லாமல், அசையாமல், கட்டிலில் இருப்பேன். கீழே நீங்கள் என்னைப் பற்றிப் பேசுவது கேட்கும்.

"காலமை 208 பிடிச்சால் இருபது நிமிசத்தில கிளாஸுக்குப் போயிடுவா. சனி ஞாயிறெண்டால் 304இல உப்புச் சுரங்கப் பக்கம் போறவ, காத்து வாங்க."

விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் வகுப்புக்குப் போகும் மகள்! ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னது சரிதான் என்று அப்போது நினைத்தேன்.

அந்த மகளை எனக்குத் தெரியும். அவளுக்கு வாய் இருந்தது. சிநேகிதிகள் இருந்தார்கள், பேராசிரியர்கள் பாராட்டினார்கள். உங்கள் குரல் அவளைப் பற்றிப் பேசும்போது வேறு மாதிரி இருந்தது. நான் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டே, அவள் மேல் வந்த பொறாமையை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன்.

ஏப்ரலில் அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் விபோர்க் மாமி பற்றிஸ் பொரித்துக்கொண்டு தனியே வந்தார். மணி அடித்தது, நான் மேலே போனேன். நீங்கள் 'நோ' கதையைச் சொன்னீர்கள். நான் சொன்னதாகச் சொன்னீர்கள். "பிள்ளை முதல் நாள் பஸ் ஸ்ராண்டில நிண்டு ஒவ்வொரு பஸ்ஸா விட்டுக்கொண்டு நிண்டவவாம்..." மாமி சிரித்தார். அம்மாவும் சிரித்தார். அது நம் இருவருடைய ஒரே நல்ல பின்னேரம். அதையும் அவளுக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று நான் தலையணையைக் குத்தினேன். அப்போதுதான் கோப்பை விழுந்து உடைந்தது.

"இஞ்சரப்பா," என்றார் அம்மா. பிறகு உரக்க, "இஞ்சரப்பா!"

நான் எழுந்து கதவடிக்கு வந்தேன். கைபிடியில் கை வைத்தேன். உங்கள் குரல் கேட்கவில்லை. மாமி ஃபோனில் அவசர இலக்கமான 112க்குப் பேசுவது கேட்டது. விலாசத்தை இரண்டு தரம் பிழையாகச் சொன்னார். அம்மா உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா உங்கள் பெயரைச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நான் கைபிடியைத் திருப்பவில்லை.

நான் போலந்தில் இருக்கிறேன் என்று நினைத்தேன். உண்மையாகவே அதைத்தான் நினைத்தேன். இப்போது இறங்கினால் அப்பா மாமிக்கு முன்னால் பொய்க்காரன் ஆகிவிடுவார், எழும்பியதும் என்னோடு இன்னொரு முறை பேசாமல் இருந்துவிடுவார் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் நின்றேன்? மூன்று நிமிடமா, ஐந்தா? எனக்குத் தெரியாது.

பிறகு இறங்கினேன். நீங்கள் சோபாவுக்கும் மேசைக்கும் நடுவில் கிடந்தீர்கள். மாமி என்னைப் பார்த்து, "கெதியா வா!" என்று மேசையை இழுத்தார். கார் ஓட்டப் பழகும்போது படித்த முதலுதவி எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் நான். உங்கள் நெஞ்சை அழுத்தினேன். அம்புலன்ஸ் வரும்வரை அழுத்தினேன். மருத்துவமனையில் ஒரு டொக்டர் வந்து முடிந்துவிட்டது என்றார். கொஞ்ச நேரம் முந்தித் தொடங்கியிருந்தால், என்று கேட்டேன். "அதை யாராலும் சொல்ல முடியாது," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

செத்தவீட்டில் அம்மா வந்தவர்களுக்கெல்லாம், "லீவில வந்து நிண்டவ," என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் என் கையைப் பிடித்து, "டொக்டர்ப் பிள்ளை பக்கத்தில இருந்தும் காப்பாத்தேலாமல் போச்சே," என்று அழுதார். மருத்துவமனையில் உங்களை மூடியிருந்தது நான் அந்தச் சலவைத் தொழிற்சாலையில் மடித்த விரிப்பாகக்கூட இருக்கலாம், அப்பா. உங்கள் காலடியில் நின்று எல்லாருக்கும் தலையாட்டினேன்.

நேற்று ரிக்கற்றைக் கண்ட பிறகு ஜக்கெட்டை மடிக்க எனக்குக் கை வரவில்லை. மத்தியானம் மணி அடித்தது. அம்மா முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலையில் இருந்தார். ஜன்னலால் பார்த்தேன், விபோர்க் மாமி. கதவைத் திறந்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், தமிழில்.

"மாமி, நான் போலந்தில படிக்கேல்லை. ஒரு நாளும் படிக்கேல்லை. இஞ்சைதான் இருந்தனான். மேலே."

மாமி ஒரு சப்பாத்தோடு நின்றார்.

"தெரியும் பிள்ளை," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"அங்க படிக்கிற எங்கட பிள்ளையள் எல்லாம் ஒரு வட்ஸ்அப் குரூப். கிராக்கோவ், கிடான்ஸ்க் எல்லாம் ஒண்டுதான். என்ர மூத்தவள் முதல் கிழமையே சொல்லிப்போட்டாள், அப்பிடி ஒரு ஆள் வரேல்லையெண்டு. உன்னைச் சைக்கிளிலயும் கண்டிருக்கினம்."

"ஆரார்க்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்தான். கொப்பர் அவ்வளவு ஆசையாச் சொல்லுவார். அந்த மனிசன்ர முகத்தைப் பாத்து எப்பிடியம்மா கேக்கிறது? கேட்டுக்கொண்டிருப்பம்."

"அண்டைக்கு நான் மேலே இருந்தது?"

மாமி மற்றச் சப்பாத்தைக் கழற்றி வைத்தார். "நீ வருவாய் வருவாய் எண்டு மேலே பாத்துக்கொண்டு நிண்டனான்," என்றார். "கூப்பிட்டிருக்க வேணும். கூப்பிட்டால் அவருக்கு முன்னால... அந்த நேரத்திலயும் எனக்கு அந்தப் புத்திதான் போச்சு." பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், பரீட்சையில் எனக்குத் தந்ததுபோல.

ஆக, யாருமே நம்பாத ஒன்றுக்காக நான் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றேன். மாமி கீழே நின்றார். உங்களுக்கு நோகக் கூடாது என்று இரண்டு பேரும் காத்திருந்தோம், நீங்கள் நடுவில் கிடந்தீர்கள். அவர்களுக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியுமா, அப்பா? தெரிந்துகொண்டும் சொன்னீர்களா? நேற்று இரவு முழுவதும் இதைத்தான் யோசித்தேன். தெரியாமல் சொன்னீர்கள் என்றால் நீங்கள் பாவம். தெரிந்து சொன்னீர்கள் என்றால் நான் பாவம்.

அம்மாவிடம் சொன்னேன். "இப்ப ஏன் இதைக் கிளறுறாய், அவரே போயிட்டார்," என்று கோபித்தார். இன்று காலை தமிழ்க் கடைக்குத் தலையை மூடாமல் போனேன். கடைக்காரர், "சுகமோ பிள்ளை?" என்றார். ஓம் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எங்கள் ஆட்கள் அவ்வளவு நல்லவர்கள்.

உங்களைக் குற்றம் சொல்லவா இதை எழுதுகிறேன் என்று கேட்டால், ஓம் அப்பா, குற்றம்தான் சொல்கிறேன். என்னையும் சேர்த்துச் சொல்கிறேன். மணி அடித்தால் என் கால்கள் இன்னும் படிப் பக்கம்தான் போகின்றன. அதை நான் நிறுத்தப் பார்க்கிறேன், இன்னும் முடியவில்லை.

கடையிலிருந்து வந்த பிறகு வீட்டில் நான் மட்டும் இருந்தேன். மேலே போய் அறைக் கதவைச் சாத்தி, கைபிடியில் கை வைத்து, ஃபோனில் விநாடி எண்ணும் கடிகாரத்தை அழுத்திவிட்டு இறங்கினேன். ஓடவில்லை. சாதாரணமாக நடந்து, நீங்கள் கிடந்த இடத்துக்கு வந்து முழங்காலில் இருந்தேன்.

பதினொரு விநாடி. போலந்திலிருந்து உங்களிடம் வர அவ்வளவுதான் அப்பா எடுத்தது.